ஐந்து பேர் உட்காரும் போர்டிகோ

எங்கள் வீட்டு போர்டிகோவில் ஒரு ஸ்ப்ளெண்டர், அம்மாவின் ஸ்கூட்டி, நான்கு தண்ணீர் கேன், கல்லாகிப்போன அரை மூட்டை சிமெண்ட், மூடியில்லாத ஒரு வாஷிங் மெஷின் ஆகியவை சௌகரியமாக வாழ்ந்துவந்தன. வாஷிங் மெஷினில் அம்மா கறிவேப்பிலைச் செடி வைத்திருந்தாள். மனிதர்கள் யாரும் அங்கே உட்கார்ந்ததாகத் தகவல் இல்லை. அப்பாவின் காலில் புண் வரும்வரை அது ஒரு குறையாகவும் தோன்றவில்லை.

அப்பா பரசுராமன் அரசுப் பேருந்தில் முப்பத்தோரு வருடம் கண்டக்டர். அத்தனை வருடம் நின்றதில் இடது கால் நரம்பு சுருண்டு, கணுக்காலுக்கு மேலே ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குப் புண் வந்தது. ஓய்வு பெற்றால் ஆறிவிடும் என்றார்கள். எட்டு மாதத்தில் அது பத்து ரூபாய் நாணயம் அளவுக்கு வளர்ந்தது. சர்வீஸில் அவருக்குக் கிடைக்காத பதவி உயர்வு எல்லாம் புண்ணுக்குக் கிடைத்தது.

கட்டு மாற்றுவது எஸ்தர் அக்கா. நான்கு வீடு தள்ளி இருப்பவர், ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். ஒருநாள் விட்டு ஒருநாள், டியூட்டி முடிந்து பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேராக எங்கள் வீட்டுக்குத்தான் வருவார். காலையில் இரண்டு மணி நேரம், சாயந்திரம் இரண்டு மணி நேரம் காலைத் தூக்கி வைத்து ஆடாமல் உட்கார வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். அப்பா தலையாட்டுவார். அடுத்த முறை கட்டைப் பிரித்ததும் அக்காவுக்கு உண்மை தெரிந்துவிடும்.

பங்குனி பிறந்த அன்று அவர் கையுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "ஒக்காந்தா ஆறும் அங்கிள். ஒக்காரலன்னா அடுத்த மாசம் அட்மிஷன். தொடையில தோலு எடுத்து இங்க ஒட்டணும். அப்ப மொத்தமா மூணு வாரம் படுத்துக்கினு இருக்கலாம். உங்க இஷ்டம்."

அப்பாவுக்கும் உட்கார இஷ்டம்தான். எங்கள் வீடு செவிலிமேட்டில் மெயின் ரோட்டின் மேல் இருப்பதும், எதிரிலேயே பஸ் ஸ்டாப் இருப்பதும்தான் பிரச்சினை. ஹாலில் சோபாவில் உட்கார்ந்து, ஸ்டூலில் காலை வைத்து, பேப்பரைப் பிரிப்பார். ஹாரன் கேட்கும். எழுந்து, செருப்பு மாட்டி, கேட்டுவரை போய், கைக்கடிகாரத்தைப் பார்த்து, "நாலு நிமிஷம் லேட்டு" என்று யாருமில்லாத தெருவுக்கு அறிவித்துவிட்டுத் திரும்புவார். ஒரு சனிக்கிழமை நான் எண்ணினேன். காலை ஆறிலிருந்து ஒன்பதுவரை இருபத்து மூன்று முறை. வேலையில் இருந்தபோதுகூட மனிதர் இவ்வளவு நடந்திருக்க மாட்டார்.

விசில் விவகாரம் வேறு இருந்தது. ஓய்வு பெறும் நாளில் பையையும் டிக்கெட் மெஷினையும் திருப்பிக் கொடுத்தவர், சொந்தக் காசில் வாங்கியது என்று விசிலை மட்டும் கொண்டுவந்துவிட்டார். முதல் வாரமே ஜன்னலில் நின்று இரண்டு விசில் கொடுத்தார். எதிரே நின்ற பஸ் புறப்பட்டுவிட்டது, ஏற வேண்டியவர்களை விட்டுவிட்டு. இரண்டு நாள் கழித்து மறுபடியும். மூன்றாம் நாள் அந்த பஸ் கண்டக்டரே இறங்கி வந்து, ஒரு வண்டிக்கு ரெண்டு கண்டக்டர் தாங்காது என்று அம்மாவிடம் மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனார். அன்று முதல் விசில் காணவில்லை. அது சமையலறையில் புளி ஜாடிக்குள் இருப்பது எனக்குத் தெரியும். ரசம் ஊதிக்கொண்டு வருமோ என்று சில நாள் பயந்திருக்கிறேன்.

ஆகவே, ரோட்டை விட்டு அப்பாவைப் பிரிக்க முடியாது, ரோட்டுக்கே நாற்காலியைக் கொண்டுபோய்விடலாம் என்று அம்மா துளசி தீர்மானித்தாள். போர்டிகோவைக் காலி செய்து, வெயில் படாமல், கொசு கடிக்காமல், கால் நீட்டி உட்காருகிற மாதிரி மாற்றுவது. அப்பா அங்கிருந்தே எல்லா பஸ்ஸையும் பார்த்துக்கொள்ளலாம், எழ வேண்டியதில்லை. எட்டு மாதத்தில் எங்கள் வீட்டில் யாரும் சொன்ன முதல் உருப்படியான யோசனை அதுதான். உடனே எல்லோரும் சேர்ந்து அதைக் கெடுக்க ஆரம்பித்தோம்.

வாலாஜாபாத்தில் வாக்கப்பட்டிருக்கும் அக்கா அனு, ஒரு மணி நேரத்துக்கு ஒரு படம் என்று அனுப்பினாள். மூங்கில் ஊஞ்சல், பச்சைப் புல் விரிப்பு, கூண்டு போன்ற விளக்கு. எந்தப் படத்திலும் கேஸ் சிலிண்டரோ செருப்போ இல்லை. அந்த வீடுகளில் மனிதர்கள் இருக்கிறார்களா என்று கேட்டேன், பிளாக் செய்துவிட்டாள். அம்மாவுக்குக் கேட்டுக்கு முன்னால் கோலம் போட ஆறடி தரை வேண்டும், டைல்ஸ் வழுக்கக் கூடாது. எனக்கு ஒரு சார்ஜிங் பாயிண்ட். தாமலிலிருந்து வந்த கலைவாணன் மேஸ்திரி சுற்றிப் பார்த்துவிட்டு, வீடு மேற்கே பார்த்திருப்பதால் மூன்று மணிக்கு மேல் வெயில் உள்ளே வந்து உட்காரும், மனுஷன் வெளியே நிற்க வேண்டும் என்றார். முன்னால் ஒரு ஷீட்டை இறக்கி, பக்கவாட்டில் மூங்கில் தட்டி, மேலே ஒரு ஃபேன், கடப்பைக் கல்லில் இரண்டு பெஞ்ச், எதிரும் புதிருமாக. முடிந்தது வேலை.

அப்பா முடிய விடவில்லை. பெஞ்ச் எதிரெதிராக இருந்தால் பேச்சு வளரும், பேச்சு வளர்ந்தால் சண்டை வரும் என்றார். கால் ஆறுகிறதோ இல்லையோ, அவர் கைக்கு ஒரு வேலை கிடைத்துவிட்டது. சாக்பீஸை எடுத்துக்கொண்டு காலையில் ஒரு பிளான் போடுவார், மத்தியானம் தண்ணீர் ஊற்றித் தேய்ப்பார், சாயந்திரம் வேறொன்று போடுவார். குனிந்து, நிமிர்ந்து, அடிக்கோலை இழுத்து. கட்டு நனைந்தது. உட்காருவதற்கான இடத்தைத் திட்டமிடுவதற்காக ஒன்பது நாள் அவர் உட்காரவே இல்லை. எஸ்தர் அக்கா புண்ணைப் பார்த்துவிட்டு மருத்துவமனை நம்பரை அம்மாவின் போனில் பதிந்து கொடுத்தார். அவர் திட்டியிருந்தால் அம்மா அவ்வளவு பயந்திருக்க மாட்டாள்.

பத்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. கடைசி பிளான் தயார் என்று அப்பா அறிவித்தார். கல் வெட்டுவதற்கு முன் ஒருமுறை உட்கார்ந்து பார்த்துவிட வேண்டும் என்று அம்மா பிடிவாதம் பிடித்தாள். சாமான்களைப் பின்பக்கம் தள்ளிவிட்டு, சாக்பீஸ் கட்டங்களின் மேல் ஐந்து பிளாஸ்டிக் நாற்காலி போட்டோம். இடப்பக்கம் இரண்டு, வலப்பக்கம் மூன்று, நடுவில் ஒன்றரை அடி வழி. ஐந்தும் ரோட்டைப் பார்த்து. வழிக்கு நேர் மேலே, குறுக்காக ஒரு ஸ்டீல் பைப் வர வேண்டும் என்று அப்பா சொல்லியிருந்தார்.

"பைப்பு எதுக்குண்ணே? துணி காயப்போடவா?" என்று மேஸ்திரி கேட்டார்.

"புடிச்சிக்க."

மேஸ்திரி மேலும் கேட்கவில்லை. கட்டட வேலையில் இருபது வருடம் இருப்பவருக்கு எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரியும்.

அம்மா இடப்பக்கம் உட்கார்ந்தாள், பக்கத்தில் நான். வலப்பக்கம் மேஸ்திரி. அடுத்த நாற்காலியில் அம்மாவின் போனைச் சாய்த்து வைத்தோம், வீடியோவில் அனு. அவள் கணவர் சந்தோஷ்குமாருக்குப் பதிலாகக் கடைசி நாற்காலியில் ஒரு தண்ணீர் கேன். அவரும் அதிகம் பேச மாட்டார். யாரும் யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை. எல்லோரும் ரோட்டைப் பார்த்தோம். யாராவது இறங்கச் சொன்னால் நன்றாக இருக்கும் போலிருந்தது.

அப்பா நடுவழியில் நின்றார். இன்னும் வராத பைப்பை ஒரு கை பிடித்திருந்தது.

"எல்லாம் ஒக்காந்தாச்சா? காலு இடிக்குதா? காத்து வருதா?"

அம்மா உடம்பையே திருப்பி அவரைப் பார்த்தாள். "இதுல நீங்க எங்க ஒக்காருவீங்க?"

அப்பா விரலை நீட்டி எண்ணினார். கேனோடு ஐந்து. "சரியாத்தான இருக்குது. அஞ்சு பேரு, அஞ்சு சீட்டு."

"ஆறு பேரு."

மறுபடி எண்ணினார். விரல் கேனில் வந்து நின்றது. போனில் அனு, யாருப்பா ஆறாவது, சித்தப்பா வருகிறாரா என்று கேட்டாள். மேஸ்திரி தோளிலிருந்த துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அப்பாவின் கை பைப்பை விட்டுக் கீழே இறங்கியது.

"வண்டியில கண்டக்டர எண்ண மாட்டாங்க, துளசி," என்றார்.

நான் அவர் காலைப் பார்த்தேன். கட்டின் ஓரத்தில் மஞ்சளாக ஈரம் கசிந்திருந்தது. இத்தனை கல்லும் ஷீட்டும் அந்தக் காலுக்காக. பிளானில் அந்தக் காலுக்குத்தான் இடமில்லை.

அம்மா எழுந்து உள்ளே போனாள். புளி ஜாடியோடு வந்தாள். கையை விட்டுத் துழாவி, எடுத்து, முந்தானையில் துடைத்தாள்.

"பஸ்ல கண்டக்டர் சீட்டுன்னு ஒன்னு இருக்குதா இல்லியா?"

"இருக்குது. பின்னாடி, படி ஓரமா. எல்லாருக்கும் டிக்கெட் போட்டு முடிச்சாத்தான் அதுல ஒக்காரணும்."

"அதெல்லாம் எட்டு மாசம் முன்னாடியே போட்டு முடிச்சிட்டீங்க," என்று விசிலை அவர் உள்ளங்கையில் வைத்து மூடினாள். "ஒக்காருங்க."

அப்பா மற்ற கையால் சாக்பீஸை எடுத்து, கேட்டை ஒட்டி, படியோரம், பக்கவாட்டில் பார்க்கிற மாதிரி ஒற்றைக் கட்டம் ஒன்று போட்டார். மாப்பிள்ளையை நாற்காலியிலிருந்து இறக்கித் தரையில் வைத்துவிட்டு, நாற்காலியை அங்கே நகர்த்தினேன். மேஸ்திரி இரண்டு சிமெண்ட் சட்டியைக் கவிழ்த்து ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, மேலே தன் துண்டை மடித்துப் போட்டு, அப்பாவின் இடது காலைத் தூக்கி அதில் வைத்தார். இங்கே சாய்வாக ஒரு கல் வந்துவிடும், கவலை வேண்டாம் என்றார். மணி ஐந்து இருபது.

ஐந்து முப்பதுக்கு ஹாரன் கேட்டது. அப்பாவின் உடம்பு நாற்காலியிலிருந்து ஓர் அங்குலம் எழும்பியது. எதிரே பஸ் வந்து நின்றது. எழும்பிய உடம்பு அப்படியே அந்தரத்தில் இருக்க, கை மட்டும் வாய்க்குப் போனது.

இரண்டு விசில். சின்னதாக, சுத்தமாக.

பஸ் புறப்பட்டது. அப்பா திரும்பவும் நாற்காலியில் இறங்கினார். கால் சட்டியை விட்டு நகரவே இல்லை. "கரெக்ட் டைம்," என்றார். உதட்டை நக்கிப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

பஸ் நகரும்போது, இறங்குவதற்காகப் பின்படியில் ஒரு கால் வைத்திருந்த எஸ்தர் அக்கா மறுபடி உள்ளே போனதை நான் பார்த்தேன். அப்பாவிடம் சொல்லவில்லை. சொன்னால் எழுந்துவிடுவார்.

அக்கா அடுத்த ஸ்டாப்பில் இறங்கி, குடையைக் கத்தி மாதிரி பிடித்துக்கொண்டு, மேற்கு வெயிலில் நடந்து வந்தார். கேட்டைத் திறந்த வேகத்திலேயே என்ன சொல்லப்போகிறார் என்பது தெரிந்தது. வாயைத் திறந்தார். சட்டியைப் பார்த்தார். சட்டிமேல் துண்டையும், துண்டின்மேல் காலையும் பார்த்தார். குடையைத் தாழ்த்தினார்.

எத்தனை மணியிலிருந்து என்று என்னிடம் கேட்டார். ஐந்து இருபது என்றேன். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்து நாற்பத்தெட்டு.

போனிலிருந்த அனுவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அந்த நாற்காலியில் உட்கார்ந்து, எங்கள் எல்லோரையும் போல ரோட்டைப் பார்த்தார்.

"ஏழு இருவது வரிக்கும் யாரும் எறங்கக் கூடாது," என்றார்.