வேல்விழிக்குப் பர்மனென்ட் வேண்டாமாம்

1

மாணவர் மலர் ஒன்றுக்கு, ‘தொழில் தேர்வில் மனமகிழ்ச்சியின் இடம்’ என்று கட்டுரை கேட்டார்கள். மகிழ்ச்சியைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? மறைமலை நகரில் எங்கள் மாடி அறையில் குடியிருக்கும் வேல்விழியைப் பிடித்துக் கதையாக்கிவிட்டேன். “எழுதிக்கோங்க அண்ணாச்சி. ஆனா என்னைய அழ மட்டும் வச்சிராதீங்க” என்றாள்.

சிறு வயதிலிருந்தே வேல்விழியின் நெஞ்சில் ஒரு கனவு—

கிடையாது. அடித்துவிட்டேன்.

கோவில்பட்டிப் பக்கத்துக்காரி. டிப்ளமோ முடித்து ஒரகடத்தில் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் கான்ட்ராக்டில் சேர்ந்தாள். பாரம் தூக்கி அடுக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்ட ஆள் போதாமல் இவளுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். பிடித்துப்போயிற்று. தன்னைவிடப் பல மடங்கு கனமான பெட்டியை உயரத் தட்டில் அலுங்காமல் வைத்துவிட்டு, யாரும் பார்க்கிறார்களா என்று பார்த்துச் சிரிப்பாள்.

2

கட்டுரைக்கு இதுவே போதும். கதைக்குப் போதாதே! நல்லவேளை, அவளுக்கு ஓர் இடி விழுந்தது: பர்மனென்ட் வேலை கிடைத்தது.

குவாலிட்டி பிரிவு. ஏசி அறை, சுழல் நாற்காலி. “இன்னாடி, சொல்லாம கொள்ளாம பெரியாளாயிட்ட!” என்று லைனிலிருந்த உள்ளூர்க்காரி பிரவீனா கட்டிப்பிடித்தாள்.

அந்த அறையில் நாளெல்லாம் உலோக வளையங்களில் கீறல் தேட வேண்டும். வேல்விழிக்குக் கண் சொக்கியது. வெளியே ஃபோர்க்லிஃப்ட் பின்னோக்கி நகரும்போது எழுப்பும் ‘பீப் பீப்’ கேட்டால் மட்டும், காதலன் பைக் சத்தம் கேட்டவள்போலத்* தலை திரும்பியது.

(*உவமை மட்டுமே. அவள் அம்மா படித்தால் தயவுசெய்து நம்பவும்.)

3

பயிற்சி முடிவதற்குள் சூப்பர்வைசர் மோகனிடம் போய் நின்றாள்.

“சார், பழைய வேலைக்கே போயிருதேன்.”

“கான்ட்ராக்டுக்கா? உடம்பு கிடம்பு சரியில்லையாம்மா?”

“அங்க உக்காந்தா தூக்கம் வருது சார். வண்டில உக்காந்தா சிரிப்பு வருது.”

“சிரிப்பு வருதுன்னு யாராச்சும் பர்மனென்ட்ட வுடுவாங்களா? நாளைக்கே கான்ட்ராக்ட் முட்ச்சிட்டு வூட்டுக்கு அனுப்சிடுவான். அப்போ வந்து அழுதா நான் இன்னா பண்றது?”

இந்த இடத்தில் அவள் வாயில் ஒரு பொன்மொழி வைக்க ஆசைப்பட்டேன். அவள் சொன்னது, “தெரியும் சார்.” மோகன் தலையிலடித்துக்கொண்டு சரி என்றார். அந்த நாற்காலிக்கு அன்று சாயங்காலமே வேறொருவர் வந்துவிட்டார்.

4

ஊரில் அம்மா தங்கமாரி. தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கி மகளைப் படிக்கவைத்தவர். ‘மக பர்மனென்ட்’ என்று தெரு முழுக்கச் சொல்லி முடித்திருந்தார். வேல்விழி போனில் விஷயத்தைச் சொன்னாள்.

“ஏட்டி, சிரிக்கதுக்கா ஒன்னைய அம்புட்டுத் தொலைவு அனுப்புனேன்?”

“நீ ஒருநாளாவது சிரிச்சு வேலை பாத்திருக்கியாம்மா?”

அம்மா போனை வைத்துவிட்டார்.

(‘இதைக் கொஞ்சம் மென்மையாக மாற்றட்டுமா?’ என்று கேட்டேன். “வேண்டாம். அப்படித்தான் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது” என்றாள்.)

5

முடிவு (அ): ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியே பேரும் புகழும் பெறுகிறாள். மாணவர் மலர் கைதட்டும்.

முடிவு (ஆ): வேலை போகிறது, வருந்துகிறாள். ‘அப்பவே சொன்னேன்ல’ என்று கல்யாண வீட்டுச் சித்தப்பாக்கள் கைதட்டுவார்கள்.

இரண்டுமே இன்னும் நடக்கவில்லை. நடந்தது இதுதான்: பத்து நாளாகப் பேசாதிருந்த அம்மா இன்று கூப்பிட்டிருக்கிறார். வண்டி ஓட்டும்போது போன் எடுக்கக் கூடாதென்பதால் அவள் எடுக்கவில்லை. இடைவேளையில் திரையைப் பார்த்தவள் தேநீரைக் கீழே வைத்துவிட்டுத் திருப்பி அழைத்தாள். எதிர்முனையில் மணி அடித்தது. தங்கமாரி எடுத்தார். மூச்சு மட்டும் கேட்கிறது.

முதல் வார்த்தையை யார் பேசுவது, என்ன பேசுவது? எனக்கு வரவில்லை. நீங்களும் யாரோ ஒருவருக்கு மகளோ மகனோதானே? சொல்லிக்கொடுங்கள். சீக்கிரம், இடைவேளை முடியப்போகிறது.