மலை விறகு வேண்டாம்

ஷேக் அலாவுதீனின் விறகுக் கிடங்கில் தேனப்பன் தென்னங்கீற்றுகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான். கீற்றின் அடியில் மண் இருந்தது. மண்ணின்மேல் மரத்தூள் இருந்தது. விறகு மட்டும் இல்லை.

“இருந்தா மறைப்பேனா அண்ணே? என் பொழப்பே விக்கிறதுதானே” என்றார் அலாவுதீன். “அக்கரையிலேர்ந்து வர்ற பாக்காவ் வெறகுக் கட்டைக்கு சீனப் பெருநாள் முடியணும். அதுவரைக்கும் ஒரு தொங்காங் படகும் ஓடாது. மலையிலயும் வெட்ட முடியாது, மூடியாச்சு.”

“பொழுது சாயறதுக்குள்ள எரிச்சாகணும் பாய்.”

“மலைய யாரு மூடினது?” என்று கேட்டார் அலாவுதீன்.

மலையை மூடியவர் வீட்டுக் கூடத்தில், தெற்கே தலைவைத்து, வாய்க்கட்டுடன் படுத்திருந்தார்.

அவர் வயிரவன், தேனப்பனுடைய அக்காள் முத்தம்மையின் கணவர். வழக்கறிஞர் ஒருவரிடம் எழுத்தராயிருந்து ஓய்வு பெற்றவர். தண்ணீர்மலையை அடுத்த புக்கிட் தெடோ மலைக்காட்டில் மரம் போனால் ஊற்றுப் போகும், ஊற்றுப் போனால் ஊர்க்குழாய் என்ன செய்யும் என்னும் ஒரே கேள்வியை, சொற்களை மட்டும் மாற்றி, பல ஆண்டுகளாக மனுவாக எழுதி அரசாங்கத்துக்கு அனுப்பியவர். கையெழுத்துக் கேட்டு அவர் சந்துக்குள் நுழைந்தால் கதவுகள் சாத்தப்படும் ஒலியைக் கொண்டே எந்த வீட்டருகே வந்துவிட்டார் என்று சொல்லிவிடலாம். சென்ற மாதம் அரசாங்கம் அம்மலையைப் பாதுகாக்கப்பட்ட காடு என்று அரசிதழில் அறிவித்தது. எழுதுவதற்கு மனு இல்லாத முதல் மாதத்திலேயே வயிரவனுக்கு மூச்சும் தேவைப்படாமற் போயிற்று.

பிள்ளைகள் இல்லாமலும் பங்காளிகள் எல்லாரும் கடலுக்கு அப்பாலும் இருந்தமையால் கொள்ளி வைக்கும் பொறுப்பும் விறகு தேடும் பொறுப்பும் தேனப்பனுக்கே வந்தன. புறப்படும்போது முத்தம்மை அழுகையை நிறுத்தி ஒன்று சொன்னாள்: “மலை வெறகு மட்டும் வேணாம் தம்பி. அதுல ஏத்தினா எந்திரிச்சு ஒக்காந்து மனு எழுதுவாரு.” சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து அழுதாள்.

அலாவுதீன் தேனப்பனைக் கிடங்கின் பின்சுவரோரம் அழைத்துச் சென்று ஒரு தார்ப்பாயை விலக்கினார். ஒரு வண்டி விறகு, இன்னும் பால் காயாமல் கிடந்தது.

“இது என்ன பாய்?”

“இதுவா? இது இல்லாத வெறகு. எடுத்துட்டுப் போங்க, காசு வேணாம்லா. இருந்தவரைக்கும் அவர வாய்நெறைய வைஞ்சேன். மவுத்துக்கப்புறம் யார வையறது?”

தேனப்பன் சிந்தித்தான். மரம் விழுந்துவிட்டது, எரித்தாலும் எரிக்காவிட்டாலும் நிமிரப்போவதில்லை. சாம்பலைப் பார்த்து எந்த மலை என்று கேட்பாரும் இல்லை. அக்காளிடம் பாக்காவ் கட்டை என்று சொல்லிக்கொள்ளலாம். வண்டியில் ஏற்றி மேலே சாக்கு மூடச் சொன்னான்.

வீட்டு வாசலில் அப்துல் ரசாக் காக்கிச் சீருடையில் நின்றுகொண்டிருந்தார். புதிய காட்டுக்கு நியமிக்கப்பட்ட முதல் காவலர் அவர். காவலர் வேண்டும் என்பது வயிரவனின் மனுக்களில் ஒரு தனிப் பத்தி. துக்கம் கேட்க வந்தவர், வண்டி நின்றதும் மூக்கை உறிஞ்சினார். அழுகையால் என்றே எல்லாரும் நினைத்தார்கள். அவர் கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்துவிட்டுச் சாக்கைத் தூக்கினார்.

“அண்ணே, இது பச்சை மெரந்தி. மலை மரம்.”

“தெரியும் ரசாக். இன்னைக்கு ஒருநாள் கண்ண மூடிக்கயேன்.”

“நானும் அதான் நெனச்சேன். ஆனா ஐயா என்ன சொல்லியிருக்காரு? ‘யாரா இருந்தாலும் விடாதே, நானே வந்தாலும் விடாதே’ன்னாரு. அப்ப சிரிச்சேன் லா.”

“அவருதான் செத்துப்போயிட்டாரே.”

“செத்தா விடலாம்னு சொல்லலையே அண்ணே.”

விறகு கைப்பற்றப்பட்டது. அலுவலக வண்டி வந்து எடுத்துச் செல்லும்வரை அதை வாசலிலேயே வைத்துக் காக்க வேண்டும் என்பது விதி. எனவே உள்ளே எரிக்க விறகில்லாமல் ஒரு பிணமும், வெளியே எரிக்க அனுமதியில்லாமல் ஒரு வண்டி விறகும் ஒன்றையொன்று நோக்கிக் கிடந்தன. சங்கு ஊதுபவர் எதற்கு ஊதுவது என்று தெரியாமல் நிறுத்திவிட்டார்.

முத்தம்மை நிலைப்படிக்கு வந்தாள். வண்டியைப் பார்த்தாள்; தம்பியைப் பார்த்தாள்.

“ரசாக் செஞ்சது சரி. வேற வெறகு பாரு.”

“எங்கக்கா பாக்குறது? ஊர்லயே இல்ல.”

அவள் சந்தின் இருபுறமும் கண்ணை ஓட்டினாள். உச்சிவேளை கடந்திருந்தது. ஆயினும் எந்தக் கூரையின்மேலும் புகை இல்லை. பிணம் கிளம்பும்வரை அச்சந்தில் எவரும் உலை வைப்பதில்லை. வேதக்கார வீடானாலும் சந்து வழக்கம் சந்து வழக்கமே.

“அடுப்பு எரியாத வீட்டுல வெறகு சும்மாதானே கெடக்கு” என்றாள்.

தேனப்பன் முதலில் பெஞ்சமின் வாத்தியார் வீட்டுக் கதவைத் தட்டினான்.

“கையெழுத்துன்னா நான் வீட்ல இல்ல” என்றது உள்ளிருந்து வாத்தியாரின் குரல், பழக்கதோஷத்தால்.

“கையெழுத்து இல்ல சார். வெறகு.”

கதவைத் திறந்தவள் அவர் மனைவி ரோசம்மா. அடுப்படி விறகை ஒரு சுள்ளி விடாமல் அள்ளிக் கொடுத்தாள். பிறகு முன்னறையைச் சுட்டினாள். “அந்தக் கட்டிலையும் தூக்கிக்குங்க தம்பி. அவர் வந்தப்பல்லாம் இந்த மனுசன் அதுக்கு அடியிலதான் இருந்தாரு.”

“நான் எங்க படுக்கறது?” என்றார் வாத்தியார்.

“தரையிலதான். அடியில கெடந்து பழக்கந்தானே.”

மற்ற வீடுகளில் இவ்வளவு பேச்சும் தேவைப்படவில்லை. பிணம் கிளம்பினால்தான் சோறு; விறகு வந்தால்தான் பிணம் கிளம்பும். பசி, வயிரவனைவிடத் திறமையான மனுதாரர். சந்தில் ஒரு கதவும் சாத்தப்படவில்லை. சவர்க்காரப் பெட்டிகள் வந்தன. கால் ஒடிந்த முக்காலி வந்தது. ஒருவர் வாசல் வேப்பங்கிளையைத் தறிக்கப் போக, ரசாக் பார்த்த பார்வையில் அரிவாளை வைத்துவிட்டார். கடைசியில் அலாவுதீனே தம் கிடங்கின் வேலிக்கால்களைத் தோளில் சுமந்து வந்து இறக்கினார்.

“சரக்கு இல்லாத கிடங்குக்கு வேலி எதுக்குண்ணே?”

பத்து லஞ்சாங் என்னும் இடத்துச் சுடுகாட்டில் சிதையை அடுக்குபவர் அதை இருமுறை சுற்றிவந்து பார்த்து, இத்தனை வீடு சேர்ந்த சிதையைத் தாம் அடுக்கியதில்லை என்றார். தேனப்பன் கொள்ளி வைத்தான். பெட்டிகள் பற்றின, கட்டிற்கால்கள் நின்று நிதானமாக எரிந்தன. வாத்தியார் அவற்றை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்தார். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.

குளித்துவிட்டுத் திரும்புகையில் வெயில் சாய்ந்திருந்தது. இனி அடுப்பு மூட்டத் தடையில்லை. சந்திலுள்ள பெண்கள் அடுப்படிக்குப் போனார்கள். போன வேகத்திலேயே திரும்பி வந்தார்கள். மூட்டுவதற்குச் சந்தில் ஒரு சுள்ளி கிடையாது. ஏச்சு விழும் என்று தேனப்பன் காத்திருந்தான். அவ்வழியே வந்த ரொட்டிக்காரரின் கூடை முழுவதும் விற்றுப்போயிற்று. வீட்டு முன் நடையில் வரிசையாக உட்கார்ந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல், எல்லாரும் வெறும் ரொட்டியை மென்றார்கள்.

தேனப்பன் ஒரு ரொட்டியுடன் பின்கட்டுக்குச் சென்றான். முத்தம்மை பின்வாசற்படியில் இருந்தாள். வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள், தின்னவில்லை. இந்நேரத்தில் வரிசைவீடுகளின் அடுப்புப் புகை பின்புறமெங்கும் திரைபோல் தொங்கும். இன்று அது இல்லை.

“இவ்வளவு பக்கத்துலயா இருக்கு?” என்றாள்.

தேனப்பன் அவளருகே படியில் உட்கார்ந்தான். அடிவாரத்திலிருந்து முகடுவரை, மரம் மரமாக, மலை தெரிந்தது.