விட்டுப்போன வரி

டிரம்ஸ் குச்சி சிம்பலுக்கு ஒரு சாண் மேலே நிற்கிறது, இறக்கக் கூடாது, நான்கு எண்ணும்வரை யாரும் எதையும் வாசிக்கக் கூடாது, இந்த ராக் பாட்டைப் பதிவுசெய்த மூன்று குழுக்களும் அப்படித்தான் செய்தன, மூன்றாம் சரணத்தின் கடைசியில் எல்லாம் அடங்கிவிடும், கூட்டம் கையை உயர்த்தும், அந்த மௌனம்தான் போராட்டம் என்று யாரோ கட்டுரைகூட எழுதினார்கள், இது நான்காவது குழு, பிற்பகல் வெயிலில் ஒத்திகை அறையின் தகரக் கூரை முறுகுகிறது, நான்கு முடியும் முன்பே பாடுகிற பெண் டெல்ஃபினா கையசைத்து நிறுத்துகிறாள், அண்ணா, இந்த கேப்புதான்ணா பாட்டே, எட்டா இழுத்துடலாமா, கிட்டார் ஆரோன் சிரிக்கிறான், எட்டு எண்ணுனா கரண்டு போச்சுன்னு ஜனம் எழுந்து போயிடும்டி, எனக்குச் சிரிப்பு வரவில்லை, முதல் பதிவில் டிரம்ஸ் வாசித்தவன் என்று என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள், அதை எழுதிப் பாடியவள் என் மனைவி, அவள் போய்ப் பதினான்கு மாதம், என் முன்னால் யாரும் அவள் பெயரைச் சொல்வதில்லை, நானும் சொல்வதில்லை.

அது மௌனம் இல்லை, முதல் பதிவன்று சத்தம் பதிவாகுமென்று மின்விசிறியை நிறுத்தியிருந்தோம், கல்லூரி முடித்த வருடம், ஆற்று முகத்துவாரத்தில் அனல்மின் நிலையச் சாம்பலைக் கொட்டுவதை எதிர்த்து மறுநாள் காலை மறியல், ஒலிபெருக்கியில் பாட்டைப் போட்டாக வேண்டும், மூன்றாம் சரணம், கடைசி வரி, அவள் வாய் திறக்கிறாள், குரல் வரவில்லை, மார்பைப் பிடித்துக்கொள்கிறாள், நான் குச்சியைத் தூக்கிப் பிடித்துக் காத்திருக்கிறேன், ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, அவள் தலையசைத்தாள், பல்லவிக்குப் போனோம், முடிந்ததும் நான் கேட்டது, ஏய், இத்தினி தபா பாடிட்டு கடைசில வரிய வுட்டுட்டியே, அவள் சொன்னாள், மூச்சு வரலடா, இன்னொரு தபா எடுக்கலாம், நான், வேணாம், இதுவே ஸ்டைலா கீது. ஸ்டைலாக இருக்கிறது என்று சொன்னேன், டாக்டரிடம் போகலாம் என்று சொல்லவில்லை, கல்யாணமாகி ஒரு வருடம் கழித்துத்தான் எக்ஸ்ரே, அதற்குள் இரண்டு குழுக்கள் அவளுடைய மூச்சுத்திணறலை நான்காக எண்ணி, பிசகாமல் வாசித்துக்கொண்டிருந்தன, ஆஸ்பத்திரிக் கட்டிலில் போனில் கேட்டுவிட்டு அவளுக்கு ஒரே சிரிப்பு, பாருடா, எனக்கு மூச்சு வாங்குனதுக்கு ஊரே கைதட்டுது, யார்கிட்டயாச்சும் அந்த வரிய சொல்லிடுடா, சொல்றேன் என்றேன், சொல்லவில்லை, சொல்லிவிட்டால் எனக்கு மட்டுமென்று அவளிடமிருந்து என்ன மிச்சம், கனவில் அவள் முழங்கால்வரை சாம்பல் தண்ணீரில் நிற்கிறாள், வாய் திறக்கிறாள், நான் எண்ணுகிறேன், நான்கு, ஐந்து, நூறு தாண்டுகிறது, குச்சி இறங்குவதில்லை, விழித்தால் தோள் நிஜமாகவே வலிக்கிறது, இப்போதும் வலிக்கிறது.

நாலா, எட்டாண்ணா, டெல்ஃபினா மறுபடி கேட்கிறாள், ரெண்டும் இல்லம்மா, அங்க ஒரு வரி கீது, என்கிறேன், ஆரோன் கிட்டாரை மடியில் சாய்க்கிறான், இன்னா வரிண்ணா, எனக்குப் பாட வராது, வெறுமனே சொன்னேன், ஆறு எங்க வூடு, செருப்பக் கழட்டிட்டு வா. டெல்ஃபினா உதட்டுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்க்கிறாள், யாருண்ணா, இவ்ளோ திமிரா எழுதுனது, என் பொண்டாட்டி என்றேன், பிறகு, பிரிசில்லா என்றேன். மூன்றாம் சரணத்திலிருந்து எடுத்தோம், அந்த இடம் வருகிறது, கை பழக்கத்தில் மேலே போய் நிற்கப் பார்க்கிறது, அவள் குரல் இல்லை இது, கொஞ்சம் தடிப்பு, சுருதி ஒரு இழை ஏறிப்போகிறது, இந்தப் பெண் வரியை முழுதாக, ஒரே மூச்சில் பாடுகிறாள், குச்சி இறங்குகிறது.