தட்டுக்கு ஒன்று

ஊசி மருந்துக் குப்பிகளை விளக்கின் முன் தூக்கிப் பார்ப்பது அவள் வேலை. கறுப்புப் பலகைக்கு எதிரே ஒரு தரம், வெள்ளைப் பலகைக்கு எதிரே ஒரு தரம். விரிசலோ தூசியோ இருந்தால் சிவப்புக் கூடை. அவள் விழிப்பாக இருக்கிறாளா என்று பார்க்க, மேற்பார்வையாளர் தட்டுக்கு ஒரு கெட்ட குப்பியை வேண்டுமென்றே கலந்து அனுப்புவார். பதினோரு வருடத்தில் அதை ஒருநாளும் அவள் தவறவிட்டதில்லை. ஆனால் போன வாரம் நிஜமாகவே விரிசல் விட்ட குப்பி ஒன்று ஆஸ்பத்திரி வரை போய்த் திரும்பி வந்தது. இன்னொன்று போனால் பெட்டி ஒட்டும் பிரிவுதான் என்றார்கள். அங்கே நாள் முழுக்க நிற்க வேண்டும். அவள் முழங்கால் தாங்காது.

கண்ணில் கோளாறு இல்லை என்று கண் மருத்துவர் கைவிரித்துவிட்டார். மூளை அலைகளைப் பதிவுசெய்யும் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கும் தம்பி, தலையில் கம்பித் தொப்பி மாட்டி அவளைத் திரை முன் உட்கார வைத்தான். திரை முழுக்கச் சாம்பல் புள்ளிகள் கொதிப்பதுபோல் துள்ளின. நடுவே கோடு தெரிந்தால் பொத்தானை அழுத்த வேண்டும். அரை மணி நேரம் அழுத்தினாள்.

"கடைசிப் பத்து நிமிஷம் எத்தனை கோடு பாத்தே?"

"இருபது இருக்கும்."

"ஒண்ணுகூட காட்டலக்கா."

"போடா, புளுகாதே."

"முதல்ல அரை நிமிஷத்துக்கு ஒண்ணு காட்டினேன். உன் மூளை அந்தத் தாளத்தைப் புடிச்சுக்கிச்சு. பாரு, நேரம் வர்றதுக்கு முன்னாடியே இந்த அலை எழும்புது. வரப்போகுதுன்னு அதுவே சொல்லிக்கிது, அப்புறம் அதையே பாக்குது."

"வராதுன்னு சொல்லிக்கிட்டா?"

"எதிர்ல நின்னாலும் தெரியாம போகலாம். மாமாவைப் பக்கத்துல வெச்சுக்கிட்டே வீடு பூரா தேடுவியே, அந்த மாதிரி."

அவள் சிரிக்கவில்லை. வீடு திரும்பும் பேருந்தில் தன் தட்டுகளை நினைத்துப் பார்த்தாள். கலந்து வைத்த குப்பி அகப்பட்டதும் தோள் தானாகத் தளரும். மிச்சக் குப்பிகள் கையில் சுழலும், கண் அவற்றின் மேல் படும், அவ்வளவுதான். ஒரே தட்டில் இரண்டு கெட்ட குப்பிகளை அவள் எடுத்ததே இல்லை.

மறுநாள் காலை மேற்பார்வையாளரிடம் போனாள்.

"இந்த வாரம் நான் பாத்த தட்டெல்லாம் இன்னும் கிடங்குலதானே சார் இருக்கு? வேற ஆளை விட்டுத் திரும்பப் பாக்கச் சொல்லுங்க. நீங்க போடற ஒண்ணு கெடச்சதும் மிச்சத்தை என் கண்ணு சரியாப் பாக்கறதில்ல."

"ஏம்மா, வேலியில போற ஓணானைப் புடிச்சு மடியில விட்டுக்கறே? ஒண்ணு கெடச்சாலும் உன் நாற்காலி போயிடும்."

"தெரியும் சார்."

மதியத்துக்குள் நான்கு கிடைத்தன. அவளே ஒவ்வொன்றாக விளக்கில் தூக்கிப் பார்த்தாள். நான்கிலும் மயிரிழைபோல விரிசல். குழந்தைக்குக்கூடத் தெரியும்.

மேற்பார்வையாளர் அவள் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்: "இனிமே தட்டுக்கு எத்தனை போடறது?"

"அதை யாருக்கும் தெரியவிடாதீங்க. சில தட்டுல ஒண்ணுமே போடாதீங்க."

கையுறையைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். பெட்டி ஒட்டும் பிரிவு எந்தப் பக்கம் என்று கேட்டுக்கொண்டு நடந்தாள்.