ஆறாவது அணு

அச்சுக்குப் போகும் கட்டுரைக்குப் பளிச்சென்று ஒரு படம் வேண்டும் என்று அன்று காலை பழைய பதிவுகளைப் புரட்டிக்கொண்டிருந்தவளின் கை சட்டென்று நின்றது. திரையில் வரிசையாக ஐந்து ஒளிப்புள்ளிகள். ஒவ்வொன்றும் ஒற்றை அணு; மின்னேற்றம் பெற்று, காற்றில்லாத எஃகுக் கலத்துக்குள் மின்புலத்தில் சிக்கி நிற்பது. லேசர் ஒளியால் மேடுபள்ளமாக ஒரு தரை அமைத்து, அதன்மேல் அந்த வரிசையை இழுத்து, உராய்வு எங்கே பிறக்கிறது என்று பார்ப்பதுதான் நான்கு வருடங்களாக அவளுடைய வேலை. அணுக்களின் இடைவெளி பள்ளங்களோடு ஒத்துப்போனால் வரிசை சிக்கிச் சிக்கி நகரும். ஒத்துப்போகாவிட்டால் வழுக்கிக்கொண்டு போகும். ஐந்தே அணுக்களில் உராய்வு ஏறக்குறைய மறைந்துபோனதை அவள் அளந்திருந்தாள். அதை வைத்துத்தான் வேறு ஊரில் நிரந்தர வேலையும் கிடைத்திருந்தது.

அந்த அளவீட்டை எடுத்த மூன்று நாள் படங்களில் மட்டும் ஐந்து புள்ளிகளும் நடுவிலிருந்து இடப்பக்கம் ஒதுங்கியிருந்தன. கேமரா நகர்ந்திருக்கும் என்று சமாதானம் செய்துகொண்டாள். சரிபார்த்தாள், நகரவில்லை. வலக்கோடியில் ஆறாவதாக ஒன்று இருந்திருக்கிறது. கலத்தில் மிஞ்சிய வாயுவோடு சேர்ந்து, ஒளிவிடும் தன்மையை இழந்த அணு. இடைவெளிகளையெல்லாம் அது மாற்றியிருக்கிறது. அவள் அளந்தது ஆறை, எழுதியது ஐந்தை.

கணவரைக் கூப்பிட்டுச் சொன்னாள். பேருந்து ஓட்டுநர். அவளோடு அந்த ஊருக்குப் போவதற்காக வேலையை விட்டவர்.

"அதான் கண்ணுக்கே தெரியலையே. யாரு கேக்கப் போறா?" என்றார் அவர்.

"யாரும் கேக்க மாட்டாங்க. யாராவது இதே மாதிரி செஞ்சு பாப்பாங்க, வராது. தன் கைதான் சரியில்லன்னு நெனச்சுக்கிட்டு ஒரு வருஷத்தத் தொலைப்பாங்க."



"நேத்துதான் பஸ் சாவிய ஒப்படைச்சேன்." குரலில் கோபம் இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"தெரியும்ங்க."

"எழுதி அனுப்பிட்டியா?"

"இன்னும் இல்ல."

"அனுப்பிட்டே கூப்பிட்டிருக்கலாம்ல? இப்ப நானும் சேந்துல்ல முடிவு சொல்லணும்." பெருமூச்சு கேட்டது. "சரி, எழுது." அழைப்பைத் துண்டித்துவிட்டார்.

பத்திரிகைக்கும் வேலை தந்தவர்களுக்கும் எழுதினாள். கட்டுரை திரும்பி வந்தது. அவளுடைய பேராசிரியர் "மறுபடி அளந்துடுங்க" என்றதோடு சரி. ஒரு வாரம் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. புதிதாக ஐந்து அணுக்களைப் பிடித்து, இந்த முறை நடுவிலிருந்து தூரத்தையும் அளந்து, இழுத்துப் பார்த்தாள். உராய்வு குறைந்தது, ஆனால் பாதியாகத்தான். அதை அப்படியே குறித்துவைத்தாள். அன்று பிற்பகல் அந்த ஊரிலிருந்து வேலை இல்லை என்று நான்கு வரியில், மரியாதையாக, பதில் வந்தது.

வீட்டுக்கு வந்தபோது கூடத்தில் அட்டைப்பெட்டிகள் இடுப்புயரத்துக்கு அடுக்கியிருந்தன. அவள் வாசலிலேயே நின்று விஷயத்தைச் சொன்னாள். அவர் தலையை மட்டும் ஆட்டினார். தரையில் உட்கார்ந்து, 'சமையல்' என்று எழுதியிருந்த பெட்டியைக் கத்தியால் கீறித் திறந்தார். செய்தித்தாளில் சுற்றியிருந்த ஒரு டம்ளரைப் பிரித்துப் பக்கத்தில் வைத்தார். பிறகு முழங்கை வரை கையை உள்ளே விட்டு, இன்னொன்றைத் துழாவிக்கொண்டிருந்தார்.