ஆறு மணி மாத்திரை

இடுகாட்டிலிருந்து திரும்பியவர்கள் வாசலில் ஒவ்வொருவராகக் கை நீட்ட, இறந்துபோன ராதிசாவின் மகள் கோர்தனா குவளையால் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். கை கழுவியவர்கள், சர்க்கரை போட்டு அரைத்து வைத்திருந்த வேகவைத்த கோதுமையில் ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டு, ‘கடவுள் ராதிசாவை மன்னிக்கட்டும்’ என்று சொல்லி உள்ளே போனார்கள். கடைசியாகப் பக்கத்து வீட்டு மிலுன்கா வந்தாள். அவள் காலை ஒட்டிக்கொண்டு லீசாவும் வந்தது.

லீசா அப்பாவின் நாய். அதற்கு வலிப்பு. ஆறு வருடமாகக் காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் இரண்டு மாத்திரை. ஒன்று மலிவு, மனிதர்களின் மருந்துக் கடையிலேயே கிடைக்கும். மற்றதைத் தலைநகர் பெல்கிரேடிலிருந்து வரவழைக்க வேண்டும். அப்பாவின் ஓய்வூதியத்தில் கால்வாசியை அதுவே தின்றது. திடீரென்று நிறுத்தினால் வலிப்பு அடுத்தடுத்து வந்து நாயைக் கொண்டுபோய்விடும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார்.

நேற்று அலமாரியைத் திறந்தபோது, நாயின் மாத்திரைகள் டப்பாவில் கிழமைவாரியாகப் பிரித்து வைக்கப்பட்டிருந்தன. அதற்குப் பின்னால் அப்பாவின் ரத்த அழுத்த மாத்திரைகள், போன வருடம் வாங்கியவை, அட்டை கிழிக்கப்படாமல் கிடந்தன. முந்தாநாள் கோழிகளுக்குத் தீனி போடும்போது அவர் விழுந்து இறந்ததுகூட, நாய்க்குக் காலை மாத்திரை கொடுத்து முடித்த பிறகுதானாம். அந்த ஒழுங்கில் மட்டும் குறை வைக்கவில்லை.

அவளுடைய கல்யாணத்தில் அந்த ஒழுங்கைக் காட்டாமல் இருந்திருக்கலாம். நோவி சாத் நகரத்தில், கல்யாணப் பந்தியில் சூப்பு வருவதற்குள் அப்பா எழுந்துவிட்டார். “ஆறு மணிக்கு மாத்திரை இருக்கும்மா” என்று காதருகே சொல்லிவிட்டு நாலு மணி நேரப் பஸ்ஸுக்குக் கிளம்பினார். அப்பாவுக்கு இதயக் கோளாறு, மருந்து வீட்டில் இருக்கிறது என்று சம்பந்தி வீட்டாரிடம் அவள்தான் சமாளித்தாள். நாய்க்காகப் போகிறார் என்று எந்த மகளால் சொல்ல முடியும்? அதற்கப்புறமும் அவர் ஒரு ராத்திரிகூட அவள் வீட்டில் தங்கியதில்லை.

ஆகவே அவள் முடிவு செய்திருந்தாள். வீடு திரும்பும் வழியில் கால்நடை மருத்துவமனையில் வண்டியை நிறுத்துவது, லீசாவுக்கு ஒரே ஊசி, அதோடு முடிந்தது. கணவன் பிரெத்ராகும் சரி என்றான். அவர்கள் மாடிக் குடியிருப்பில் வலிப்பு நாயை யார் வைத்துக்கொள்வது?

சாப்பிட்டவர்கள் வழக்கப்படி போய்வருகிறேன் என்று சொல்லாமலே ஒவ்வொருவராகப் போனார்கள். ஆறு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது மிலுன்கா மட்டும் அடுப்படி வாசலில் நின்றாள். கையை நீட்டினாள்.

“டப்பாவ எங்கிட்ட குடும்மா. ஊசி போடப் போறீங்கன்னு உம் புருஷன் சொன்னாரு. கொன்னுடாத. நான் பாத்துக்கறேன். முந்தாநாள் சாயங்காலத்துலேர்ந்து எங் கையாலதான் முழுங்குது.”

“உங்களுக்கு யார் சொல்லிக் குடுத்தாங்க, அத்தை? அப்பாவா?”

“அவரெங்க சொல்லிக் குடுத்தாரு. வேலிக்கு அந்தப் பக்கம் நின்னு ஆறு வருஷமா பாக்கறேன்ல. மண்டி போடுவாரு, எதுலயாவது உருட்டிக் குடுப்பாரு, அப்பறம் தொண்டையத் தடவுவாரு.”

“அப்ப எங் கல்யாணத்தன்னைக்கு நீங்களே குடுத்திருக்கலாமே.”

மிலுன்கா குனிந்து லீசாவைப் பார்த்தாள். “கேட்டேம்மா. ரெண்டு நாள் இருந்துட்டு வாங்கன்னு சொன்னேன். என்னை நம்பல. யாரையுமே நம்பல.”

அதைக் கேட்காமலே இருந்திருக்கலாம் என்று கோர்தனாவுக்குத் தோன்றியது. அப்பாவுக்கு வேறு வழி இல்லாமல் இல்லை. வழி இருந்தும் போயிருக்கிறார். அவருக்கு அவ்வளவு பெரிதாக இருந்த வேலை, வேலியோரம் நின்று பார்த்தவள் கைக்கு இப்போது சும்மாவே போகப்போகிறது. ஊசி போட்டுக் கொல்லத் துணிந்தவளுக்கு, நீட்டிய அந்தக் கையில் டப்பாவை வைக்க மட்டும் மனம் வரவில்லை. பொறாமைதான். அவளுக்கே அது தெரிந்தது.

“தர முடியாது அத்தை,” என்றாள்.

பாத்திரத்தின் அடியில் கோதுமை கொஞ்சம் மிச்சம் இருந்தது. காலையிலிருந்து ஊருக்கெல்லாம் கொடுத்தவள் தான் ஒரு வாய் போட்டுக்கொள்ளவில்லை. அதில் இரண்டு மாத்திரையையும் வைத்து உருட்டினாள். கறுப்பு உடையோடு முற்றத்து மண்ணில் மண்டி போட்டாள். லீசா உருண்டையை முகர்ந்தது. திரும்பி மிலுன்காவைப் பார்த்தது. கோர்தனா அதன் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

“இங்க பாரு,” என்றாள்.

நாய் வெகுநேரம் யோசித்துவிட்டு எடுத்துக்கொண்டது. அவள் தொண்டையைத் தடவினாள். உருண்டை இறங்குவது விரலுக்குத் தெரிந்தது. மிலுன்கா நீட்டியிருந்த கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு வேலிப் பக்கம் நடந்தாள்.

தெருவில் ஹாரன் கேட்டது. பிறகு பிரெத்ராகே உள்ளே வந்தான். மருத்துவமனை ஏழு மணி வரைதான், கிளம்பலாமா என்றான்.

“நீங்க போங்க,” என்றாள் கோர்தனா. “காலைல ஆறு மணிக்கு மாத்திரை இருக்கு.”

“மாத்திரையா? உனக்கென்ன?”

லீசா அவள் விரலிடுக்கில் ஒட்டியிருந்த சர்க்கரையை நக்கிக்கொண்டிருந்தது. அது முடிக்கும்வரை கையை விரித்தபடியே வைத்திருந்தாள்.