கலைமணி பறித்த கண்வலிப்பூ

யமுனா படித்த மொழிபெயர்ப்பு நாவலில், காதலில் தோற்ற பெண் கை நிறையப் பூக்களோடு ஆற்றில் இறங்கிவிடுவாள். ஒவ்வொரு பூவுக்கும் ஒரு துயரம் என்று எழுதியிருந்தது. அந்தப் பூக்கள் எதையும் யமுனா பார்த்ததில்லை. நாவலின் பெண்ணை வரைய உட்கார்ந்தபோது, கொல்லிமலையில் மழைக்குப் பிறகு தீக்கொழுந்தாகப் பூக்கும் கண்வலிப்பூவைக் கையில் கொடுக்கலாம் என்று தோன்றியது. வாடாமல் இருக்க வேரோடு பிடுங்கி வா என்று தோழி கலைமணியை ஓடைப் பாறைக்கு அனுப்பினாள். கடைசி அத்தியாயம் பாக்கி இருந்ததால் யமுனா கூடப் போகவில்லை.

பார்த்தாலே கண் நோகும் என்று அந்தப் பூவை ஊரில் யாரும் தொட மாட்டார்கள். கலைமணியும் முதலில் தயங்கினாள். பிறகு, "கண்ணு போச்சுன்னா நீதான் எனக்குக் கத படிச்சுக் காட்டோணும்" என்று சிரித்துவிட்டுப் போனாள்.

பாறை வழுக்கிவிட்டது. ஓடையிலிருந்து உடலைத் தூக்கியபோது கொடி கிழங்கோடு கையில் இருந்தது. அந்தக் கிழங்கு நஞ்சு. சாகத்தான் போயிருக்கிறாள் என்று ஊர் முடிவு கட்டியது. யமுனா வாய் திறக்கவில்லை.

மூன்று மாதம் கழித்துப் பொங்கல் வந்தது. கல்யாணமாகாமல் இறந்த பெண்ணுக்குச் சேலை வைத்துக் கும்பிடுவார்கள். தானாகப் போனவளுக்குச் சேலை கிடையாது என்று கலைமணியின் அப்பா ராசப்பன் சொல்லிவிட்டாராம். கேள்விப்பட்டதும் யமுனா ஓவியத்தைச் சுருட்டிக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனாள். படத்தில் தண்ணீரில் கிடந்தவளுக்கு இப்போது கலைமணியின் முகம். தான் சொல்லாததைப் படம் சொல்லிவிடும் என்று நம்பினாள். நாவலில் பூக்கள் அப்படித்தான் பேசின.

கலைமணியின் அம்மா சென்னம்மாள் அதை வெயிலில் விரித்துப் பார்த்தாள். அவளேதான் என்றாள். பிறகு பூவின் மேல் விரலை வைத்தாள். "ஊரு சொல்றதயேதான் நீயும் வரஞ்சு கொண்டாந்திருக்கற, ஏங் கண்ணு?"

"இல்லீங்க அத்தே. நாந்தான் பறிச்சுட்டு வரச் சொன்னேன். இந்தப் படத்துக்கு."

சென்னம்மாள் படத்தைச் சுருட்டி அவள் கையிலேயே திணித்தாள். "அவங்கப்பன்கிட்ட சொல்லு, வா" என்று முன்னால் நடந்தாள்.

ராசப்பன் ஏணியில் நின்று மிளகு பறித்துக்கொண்டிருந்தார். யமுனா கீழே நின்று சொன்னாள். நாவலைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. தான் கேட்டதையும், அவள் போனதையும், இத்தனை நாள் மறைத்ததையும் மட்டும் சொன்னாள். அவர் மெதுவாக இறங்கி வந்தார். அவளைப் பார்க்காமல் மனைவியிடம் கேட்டார்.

"சேல என்ன கலருல எடுக்கறது?"

கலைமணிக்குப் பிடித்த நிறம் யமுனாவுக்குத் தெரியும். அவளை யாரும் கேட்கவில்லை.